மருந்தின் அளவு
வேட்டைத் தோட்டாவின் வரலாறு

தமிழில் 'மருந்து' என்னும் சொல்லுக்கு இரண்டு பொருள் வழங்கி வருகின்றன. நோய் தீர்ப்பதும் மருந்து. துப்பாக்கிக் குழலில் இட்டு வெடிப்பதும் மருந்து. வகுப்பிலே ஒருநாள் ஒரு மாணவன், "உயிரைக் காப்பாற்றுவதற்கும் உயிரை எடுப்பதற்கும் ஒரே பெயரா, ஐயா?" என்று கேட்டான். அப்போது அவனுக்குச் சரியான விடை சொல்ல எனக்குத் தோன்றவில்லை. பின்னர் அதைத் தேடிப் போனபோதுதான் இஃது ஒரு மொழிக்கு மட்டும் உரிய வழக்கன்று என்பது புலனாயிற்று.

சீனர் வெடிமருந்தை 'நெருப்பு மருந்து' என்னும் பொருள்படும் சொல்லாலேயே குறிக்கின்றனர். உருது மொழியில் 'தாரு' என்பது மருந்தையும் குறிக்கும், வெடிமருந்தையும் குறிக்கும். நம் நாட்டு மலாய்க்காரர் அதனை 'ஊபாட் பெடில்' என்பர். 'ஊபாட்' என்றால் மருந்து. 'பெடில்' என்றால் துப்பாக்கி. இந்தப் 'பெடில்' என்னும் சொல்லே நம்முடைய 'வெடில்' என்பதிலிருந்து வந்தது என்று சொல்லாராய்ச்சியாளர் கருதுகின்றனர். நாமோ, வெடிக்குச் சொல் கொடுத்துவிட்டு, கருவிக்குரிய 'துப்பாக்கி' என்னும் பெயரைத் துருக்கிய மொழியிலிருந்து பெற்றுக்கொண்டோம். மொழிகளின் கொடுக்கல் வாங்கல் இப்படித்தான் நடக்கின்றது.

மருந்து என்று பெயரிட்ட முன்னோர் காரணம் எதைக் கருதினரோ, அப்பெயர் ஓர் உண்மையை உணர்த்துகின்றது. மருந்துக்கு உயிர்நாடி அளவு. குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு. திருக்குறளின் 95ஆம் அதிகாரமாகிய 'மருந்து' பெரும்பாலும் பேசுவது அளவைத்தான். வேட்டைத் துப்பாக்கியின் வரலாற்றை ஆராய்ந்தால், அதுவும் இந்த அளவைத் தேடிய வரலாறாகவே இருக்கக் காண்கிறோம்.

என் பாட்டனார் காலில் ஒரு தழும்பு

இந்த ஆராய்ச்சியில் எனக்கு ஈடுபாடு உண்டானதற்கு ஒரு குடும்பக் காரணமும் உண்டு. சுங்கை வே வட்டாரம் இன்று தொழிற்சாலைகளும் நெடுஞ்சாலைகளும் அடுக்குமாடி வீடுகளுமாகக் காட்சி தருகின்றது. ஜப்பானியர் வருகைக்கு முன்னர் இப்பக்கமெல்லாம் ரப்பர்க் காடும் ஈயக் குட்டைகளுமாக இருந்தன. மரவள்ளியைக் கிளறவும் இளங்கன்றுகளின் வேரைத் தோண்டவும் காட்டுப்பன்றிகள் இரவு தோறும் இறங்கும். தோட்டத்துத் துரை சில மாலைகளில் துப்பாக்கியுடன் புறப்படுவார். காட்டைக் கலைத்துப் பன்றியை வெளியே ஓட்டும் வேலை என் பாட்டனார் போன்ற பால்மரத் தொழிலாளர்களுடையது.

ஒருநாள் துரை காட்டுப்புறா சுடப் புறப்பட்டவர். வழியிலே பன்றி எதிர்ப்பட்டது. குழலில் இருந்ததோ பறவைக்குரிய சிறு ரவை. அதை மாற்றாமலே சுட்டுவிட்டார். பன்றி விழவில்லை, புதருக்குள் புகுந்தது. தேடப் போன என் பாட்டனாரின் முழங்காலுக்குக் கீழே அதன் கோரைப்பல் எலும்புவரை கிழித்தது. "துப்பாக்கி நல்ல துப்பாக்கிதான், மருந்தும் நல்ல மருந்துதான், ரவைதான் தப்பு" என்று அவர் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அவர் கூற்றில் கணக்கு இருக்கின்றது. பழைய ஆங்கில அளவைப்படி 6ஆம் எண் பறவை ரவையில் ஓர் அவுன்சுக்கு ஏறத்தாழ 270 மணிகள். பெரு விலங்குக்குரிய எஸ்.ஜி. ரவையில் ஓர் அவுன்சுக்கு 8 மணிகள். ஈயத்தின் எடை ஒன்று; மருந்தும் ஒன்று. ஆயினும் அதே ஆற்றலை 270 பங்காகப் பிரித்துத் தருவது வேறு. 8 பங்காகப் பிரித்துத் தருவது வேறு. முன்னது பன்றியின் தடித்த தோலோடு நின்றுவிடும். அது பன்றியைக் கொல்வதில்லை, வெறியூட்டும்.

கைப்பிடி அளவிலிருந்து

தொடக்க காலத்துத் துப்பாக்கிகள் வாய்ப்புறமாக நிரப்பப்படுபவை. வெடியுப்பு, கந்தகம், கரி ஆகிய மூன்றும் சேர்ந்த கருமருந்தை முதலில் கொட்டி, அதன்மேல் துணியோ நாரோ வைத்து, குண்டையிட்டு, கம்பியால் இடித்துக் கெட்டிக்க வேண்டும். அளவு முழுவதும் சுடுபவன் கையைப் பொறுத்தது. அக்காலத்தில் ஒவ்வொரு வெடியும் கையால் நிரப்பிய வெடியே.

விலங்கு பெரிதானால் குண்டும் பெரிதாக வேண்டும், மருந்தும் மிகுதியாக வேண்டும் என்பதே அன்றைய கொள்கை. இதற்கு இலங்கையில் ஒரு சான்று உண்டு. நுவரெலியாவில் குடியேறி வாழ்ந்த சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயர், 1840இல் பிரிஸ்டல் நகரத்துக் கிப்ஸ் என்பவரிடம் ஒரு ரைபிளைச் செய்வித்தார். அதன் எடை 21 இராத்தல். குண்டின் எடை 3 அவுன்சு. ஒரு வெடிக்கு இடும் மருந்து 16 டிராம், அதாவது முழுமையாக ஓர் அவுன்சு. சுடுபவர் தோளை அது என்ன பாடுபடுத்தியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். 1854இல் அவர் வெளியிட்ட நூல் இலங்கை வேட்டையை விரிவாகக் கூறுகின்றது.

மிகுதியின் கேட்டுக்கு மற்றொரு சான்று ஜிம் கார்பெட்டின் இளமையில் கிடைக்கின்றது. குமாவோன் மலையடிவாரத்தில் வளர்ந்த அவர், சிறுவனாக இருந்தபோது பெற்ற இரட்டைக்குழல் துப்பாக்கியில் ஒரு குழல் முன்னமே பிளந்திருந்தது. எவரோ மருந்தை மிகையாகப் போட்டதன் விளைவு அது. பித்தளைக் கம்பியால் கட்டிய அந்தத் துப்பாக்கியின் எஞ்சிய ஒரு குழலைக்கொண்டே அவர் காட்டைக் கற்றார். 1953இல் வெளிவந்த தம் நூலில் இதனை அவரே எழுதியுள்ளார். அளவின் பாடம் அவருக்கு முதல் துப்பாக்கியிலேயே எழுதப்பட்டிருந்தது எனலாம்.

டம்டம் என்னும் ஊர்

கை அளவில் பிழை நேராதிருக்க, ஒரு வெடிக்குரிய மருந்தையும் குண்டையும் முன்கூட்டியே காகிதத்தில் சுற்றி வைக்கும் வழக்கம் படைகளில் வந்தது. இதுவே காகிதத் தோட்டா. வீரன் அதன் முனையைப் பல்லால் கடித்துக் கிழித்து, மருந்தைக் குழலில் கொட்டுவான். என்பீல்டு ரைபிளுக்குரிய தோட்டாவில் பசுக்கொழுப்பும் பன்றிக்கொழுப்பும் தடவப்பட்டுள்ளன என்ற செய்தி 1857 ஜனவரியில் கல்கத்தாவை அடுத்த டம்டம் என்னும் ஊரில்தான் பரவத் தொடங்கியது. அதன் பின்விளைவை நம் மாணவர் நன்கறிவர். பேரரசை ஆட்டிய அந்தக் கிளர்ச்சிக்குக் காரணங்கள் பல உண்டு. ஆயினும் தீப்பொறியாக அமைந்தது ஒரு தோட்டாவின் செய்முறையே.

அதே டம்டம் நாற்பது ஆண்டு கழித்து மீண்டும் உலகப் பெயர் பெற்றது. இதனை விளங்கிக்கொள்ள, இடையில் நிகழ்ந்த பெரிய மாறுதலை அறிதல் வேண்டும்.

புகையிலா மருந்து

1884இல் பிரெஞ்சு வேதியியலார் பால் வியேய் புகையிலா மருந்தைக் கண்டார். 1887இல் ஆல்பிரட் நோபல் மற்றொரு வகையைச் செய்தார். 1889இல் ஆங்கில நாட்டு ஏபெல், டூவர் இருவரும் கயிறுபோல் நீண்ட வடிவில் ஒரு மருந்தை உருவாக்கினர். ஆங்கிலத்தில் கயிற்றுக்குரிய சொல்லைக்கொண்டே அதற்குக் கார்டைட் என்று பெயரிட்டனர்.

இதன் ஆற்றல் கருமருந்தைவிடப் பன்மடங்கு மிகுதி. எனவே குண்டைச் சிறிதாக்கி, விரைவைக் கூட்ட முடிந்தது. மார்ட்டினி ஹென்றி ரைபிளின் குண்டு 480 கிரேன் எடையுள்ளது. குழலளவு ஓர் அங்குலத்தில் 0.45 பங்கு. அதற்குப்பின் வந்த .303 ரைபிளின் குண்டு 215 கிரேன்தான். குழலளவும் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கிரேன் என்பது இராத்தலில் ஏழாயிரத்தில் ஒரு பங்கு. நம் பொற்கொல்லர் தட்டிலிட்டு நிறுக்கும் குன்றிமணி ஒன்று ஏறத்தாழ இரண்டு கிரேன் இருக்கும். ஆகவே தோட்டாவின் கணக்கு பொற்கொல்லன் கணக்கைவிட நுட்பமானது என்பதை உணரலாம்.

இங்கே ஒரு விதியை நினைவிற் கொள்க. எடை இருமடங்கானால் ஆற்றல் இருமடங்காகும். விரைவு இருமடங்கானாலோ ஆற்றல் நான்மடங்காகும். சிறுகுழல் ரைபிளின் வெற்றிக்கு அடிப்படை இதுவே. ஆனால் இதே விதி மருந்தின் அளவை நெருப்பாக்கிவிட்டது. கருமருந்தைக் கொள்ளளவால் முகந்து போட்டுப் பழகிய கைகள், புதிய மருந்தையும் அவ்வாறே முகந்தால் குழல் வெடிக்கும். வெப்பநாட்டில் இன்னோர் இடரும் சேர்ந்தது. கார்டைட் வெயிலில் காய்ந்தால் அதன் அழுத்தம் உயரும். ஆகவே இந்தியாவுக்கும் ஆப்பிரிக்காவுக்கும் அனுப்பும் தோட்டாக்களில், வெப்பத்தைக் கருதி அளவைக் குறைத்தே நிரப்பினர். ஒரே துப்பாக்கிக்கு ஊருக்கு ஊர் மருந்து மாறியது, வைத்தியன் நாடி பார்த்து மாற்றுவதுபோல.

இந்தக் கார்டைட்டுக்குத் தமிழ் மண்ணிலும் ஓர் இடம் உண்டு. நீலகிரியில் குன்னூரை அடுத்த அருவங்காட்டில், 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கார்டைட் தொழிற்சாலை அமைந்தது. அருகிலுள்ள காட்டேரி அருவியின் நீரைக்கொண்டு அதற்கு மின்சாரம் எடுத்தனர். உதகை ரயிலில் செல்வோர் இன்றும் அருவங்காடு நிலையத்தைக் கடந்துதான் செல்கின்றனர்.

குண்டின் முனை

சிறு குண்டு விரைவாகச் சென்றது. ஆயின் சில வேளை ஊசிபோல் ஊடுருவி மறுபக்கம் போய்விட்டது. 1895இல் சித்ரால் போரில் இக்குறை பேசப்பட்டது. டம்டம் படைக்கலச் சாலையில் பெர்ட்டி கிளே என்னும் அதிகாரி, குண்டின் முனையில் உலோக உறையை நீக்கி ஈயம் வெளியே தெரியுமாறு செய்தார். உடலில் பட்டவுடன் அம்முனை மலர்ந்து விரியும். இதுவே டம்டம் குண்டு. மனிதன்மீது இதனைப் பயன்படுத்துவது கொடுமை என்று கருதி, 1899இல் ஹேக் நகரத்து மாநாடு போரில் விரியும் குண்டைத் தடை செய்தது.

வேட்டையில் நிலைமை நேர்மாறானது. மான், பன்றி முதலியவற்றுக்கு விரியும் குண்டே பொருந்தும்; விலங்கு உடனே விழும், துன்புற்று ஓடாது. யானையின் மண்டையெலும்புக்கோ விரியாத முழு உறைக் குண்டே வேண்டும். விரிந்தால் எலும்பிலேயே நின்றுவிடும். போரிலே கொடுமை எனப்பட்டது வேட்டையிலே இரக்கம் ஆயிற்று. கருவி ஒன்றே, இலக்கு மாறினால் அறமும் மாறுகின்றது.

ஒரு ரைபிள், இரு தோட்டா

இத்தனையும் ஒன்றுகூடி விளங்குவது .275 ரைபிளில். ஜெர்மானிய மவுசர் நிறுவனம் செய்து, 1893இல் ஸ்பெயின் நாட்டுப் படை ஏற்ற 7 மில்லிமீட்டர் தோட்டாவுக்கு இலண்டன் ரிக்பி நிறுவனம் இட்ட பெயரே .275. இதற்கு முதலில் இருந்தது 173 கிரேன் எடையுள்ள நீண்ட குண்டு. பின்னர் 140 கிரேன் கூர்முனைக் குண்டும் வந்தது. முன்னது மெதுவாகச் சென்று ஆழமாக ஊடுருவும். பின்னது விரைந்து நேர்கோட்டில் தொலைவு செல்லும். குழலின் உட்புறத் திருகுவரி எவ்வளவு நெருக்கமோ, அவ்வளவு நீண்ட குண்டு தடுமாறாமல் சுழன்று செல்லும். எனவே எந்தக் குண்டு நல்லது என்று பொதுவாகக் கேட்பது பயனற்ற கேள்வி. எந்தத் துப்பாக்கிக்கு, எந்த விலங்குக்கு, எவ்வளவு தொலைவில் என்று கேட்பதே கேள்வி.

ஸ்காட்லாந்துக்காரரான டபிள்யூ. டி. எம். பெல் இந்தச் சிறு ரைபிளையும் 173 கிரேன் முழு உறைக் குண்டையும்கொண்டு ஆப்பிரிக்காவில் யானைகளைச் சுட்டார். அவர் வீழ்த்திய யானைகள் ஆயிரத்துக்கும் மேல் என்பதை இன்று நாம் வருத்தத்தோடுதான் படிக்கிறோம். ஆனால் அவர் முறை கவனிக்கத்தக்கது. யானையின் மண்டையோட்டை அறுத்து, மூளை இருக்கும் இடத்தைக் கண்டறிந்த பின்னரே அவர் தம் தோட்டாவைத் தேர்ந்தார். பேக்கரின் 3 அவுன்சு குண்டு செய்த வேலையை அரை அவுன்சுக்கும் குறைந்த குண்டு செய்தது. வேறுபாடு அறிவில் இருந்தது.

இந்நாளில் சில நாடுகளில் சட்டம் இடங்கொடுக்கும் வேட்டைக்காரர், வெடித்த பித்தளைக் கூட்டை எறியாமல், புதுக் கேப்பும் அளந்த மருந்தும் தேர்ந்த குண்டும் இட்டு மீண்டும் தாமே நிரப்புகின்றனர். செலவு குறைவு என்பது ஒரு காரணம். தம் ரைபிளுக்கு இணங்கிய தோட்டாவைக் காண்பது மற்றொரு காரணம். இரண்டு ரைபிள்கள் ஒரே பட்டறையில் செய்யப்பட்டாலும் ஒரே தோட்டாவை ஒரேவகையாக ஏற்பதில்லை. ஆகவே அவர்கள் சோதித்துத் தெளிந்த அட்டவணையை மீறுவதில்லை; குறைந்த அளவிலிருந்து தொடங்குவர்; ஒரு முறைக்கு ஒன்றையே மாற்றி, இலக்குப் பலகையில் சுட்டுப் பார்ப்பர். மிகுந்த விரைவைத் தேடுபவன் இக்கலையில் தேர்வதில்லை. மிகுந்த ஒழுங்கைத் தேடுபவனே தேர்கின்றான். பேக்கர் காலத்தில் கையில் இருந்த அளவு, தொழிற்சாலைக்குப் போய், மீண்டும் கைக்கு வந்திருக்கின்றது. ஆனால் இம்முறை தராசோடு வந்திருக்கின்றது.

தப்பிய விலங்கு

தோட்டா தவறினால் அதன் விலையைத் தருவது யார்? இதுவே என் பாட்டனாரின் தழும்பு கேட்கும் கேள்வி.

நம் நாட்டில் கூட்டரசு மலாய் மாநிலங்களின் முதல் போலீஸ் ஆணையராகிய சையர்ஸ், 1897இல் பகாங் காட்டு வேட்டையில் செலாடாங் என்னும் காட்டெருது முட்டி உயிரிழந்தார். துப்பாக்கி தூக்கியவரே விலை தந்த கதை இது. ஆனால் பெரும்பாலும் விலை தருபவர் வேறொருவராகவே இருக்கின்றார்.

1907இல் கார்பெட் சுட்டு வீழ்த்திய சம்பாவத் பெண்புலி, நேபாளத்திலும் குமாவோனிலுமாக 436 பேரைக் கொன்றது என்பது கணக்கு. புல்லறுக்கவும் விறகு பொறுக்கவும் சென்ற ஏழைகளே அதற்கு இரையாயினர். அதன் உடலைப் பார்த்த கார்பெட், வலப்புறத்து மேல் கோரைப்பல்லும் கீழ்க் கோரைப்பல்லும் உடைந்திருக்கக் கண்டார். பழைய துப்பாக்கிக் காயத்தின் விளைவு அது. இயற்கை இரையைப் பிடிக்க இயலாமற்போன புலி மனிதனைப் பிடிக்கத் தொடங்கியது. யாரோ ஒருவர் என்றோ சுட்ட ஒரு வெடி, குறிதவறியதோ தோட்டா பொருந்தாததோ, கொல்லாமல் காயப்படுத்தியது. அந்த ஒரு வெடிக்கு 436 உயிர்கள் விலையாயின. அப்புலியை வீழ்த்தியதற்காகக் கார்பெட்டுக்குப் பரிசாக அளிக்கப்பட்டது ஒரு .275 ரிக்பி ரைபிள். ருத்ரப்பிரயாகையில் 125 பேரைக் கொன்ற சிறுத்தையை 1926இல் வீழ்த்தியதும் அந்தச் சிறுகுழல் ரைபிளே.

துப்பாக்கியின் எல்லையை நன்கு அறிந்தவர்களே பின்னர் விலங்குகளின் காவலரானதும் வியப்பன்று. கோலாலம்பூர் ரயில் நிலையத்தையும் ஜாமிக் பள்ளிவாசலையும் வரைந்த கட்டடக் கலைஞர் ஆர்தர் ஹப்பக்கை நாம் அறிவோம். அவருடைய உடன்பிறந்தார் தியோடர் ஹப்பக் யானை, செலாடாங் வேட்டை பற்றி 1905இல் நூல் எழுதியவர். பின்னாளில் அவரே காட்டுயிர்க் காப்புக்கு வாதாடி, இன்று தாமான் நெகாரா என வழங்கும் தேசியப் பூங்கா 1930களின் இறுதியில் அமையக் காரணமாக இருந்தார்.

1948இல் அவசரகாலம் வந்தது. உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது மரண தண்டனைக்குரிய குற்றமாயிற்று. தோட்டத்தில் பன்றி வேட்டை நின்றது. அதன்பின் 1960ஆம் ஆண்டுத் துப்பாக்கிச் சட்டம் வந்தது. உரிமமின்றித் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருத்தல் இன்றும் கடுங்குற்றம். வேட்டைக்கும் 2010ஆம் ஆண்டு வனவிலங்குக் காப்புச் சட்டத்தின்கீழ் தனி உரிமம் வேண்டும். தீபகற்பக் காடுகளில் எஞ்சிய மலாயாப் புலிகள் 150க்கும் குறைவு என்று கணக்கெடுப்பு காட்டிய காலத்தில், இந்தக் கட்டுப்பாடு மிகையென்று யாரும் சொல்ல மாட்டார்.

நம்மவர் பெரும்பாலோர் துப்பாக்கி பிடித்தவரல்லர். துப்பாக்கிக்கு முன்னே நடந்தவர். வேட்டை நூல்கள் துரைமார் சுட்ட விலங்குகளின் கொம்பளவை அங்குலக் கணக்கில் பதிந்திருக்கின்றன. காட்டைக் கலைத்தவரின் பெயரையோ காயத்தையோ அவை பெரும்பாலும் பதியவில்லை. தோட்டா வரலாற்றை நாமும் படித்தால்தான் அந்த விடுபட்ட பக்கத்தை எழுத முடியும். ஆசிரிய அன்பர்கள் தத்தம் ஊர் முதியோரிடம் கேட்டு எழுதி வைப்பார்களாக.

அந்த மாணவனுக்கு நான் பின்னர் ஒருநாள் விடை சொன்னேன். "இரண்டுக்கும் பெயர் ஒன்றாக இருப்பதில் தவறில்லை, தம்பி. இரண்டையும் அளந்துதான் கொடுக்க வேண்டும், இரண்டிலும் அளவு தப்பினால் துன்பப்படுகிறவன் கொடுத்தவன் அல்லன்" என்றேன். அவன் சற்று யோசித்துவிட்டு, "அப்படியானால் உங்கள் தாத்தாவுக்குக் கொடுத்தது யார், ஐயா?" என்று கேட்டான்.